துரு: வத்தல்மலையிற் கண்ட பழைய ஜீப்பு வண்டியைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

இரும்பின்மேற் படியும் செந்நிறக் கறையைத் துரு என்கின்றோம்; ஈழநாட்டார் கறள் என்பர். செம்பிலும் பித்தளையிலும் பச்சையாய்ப் படிவதற்குக் களிம்பு என்று பெயர். இருவகைக் கறைக்கும் ஒரே பெயரிட்டு ஒழியாமல் வெவ்வேறு பெயர் வழங்கிய நம் முன்னோரின் நுண்ணறிவு வியக்கத்தக்கதே. அவ்விரண்டின் இயல்பும் வேறு. வெயிலும் மழையும் படும் செப்புக் கூரையிற் காலப்போக்கில் உண்டாகும் களிம்பு மெல்லிய போர்வையாய் நின்று அடியிலுள்ள செம்பைக் காக்கும். துருவோ இரும்பிற்குப் போர்வையாவதில்லை. நுண்ணிய துளைகள் நிறைந்த பஞ்சுபோல நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, தன் அடியில் எஞ்சிய இரும்பையும் தின்னும்.

'தின்னும்' என்று யாம் கூறியது வெறும் அணியன்று. மத்தேயு சுவிசேஷம் ஆறாம் அதிகாரத்தில், பூமியிற் சேர்த்துவைக்கும் பொக்கிஷத்தைக் கெடுப்பனவற்றுள் ஒன்றாகத் துரு கூறப்படுகின்றது. அவ்விடத்து மூலமாகிய கிரேக்கச் சொல் 'புரோசிஸ்' என்பது. அதன் நேர்ப்பொருள் தின்னுதல் என்பதேயாம். யாக்கோபின் நிருபத்தில் துருவைக் குறிக்க வருவது வேறொரு சொல். தமிழ் பெயர்த்தோர் இரண்டிடத்தும் துரு என்றே அமைத்தனர். 'துரு தின்றுவிட்டது' என்று நம் பட்டறைகளிற் கூறும் வழக்கைக் கேட்குந்தோறும், அப்பழைய கிரேக்கச் சொல்லே எமக்கு நினைவு வருகின்றது.

இவ்வளவும் ஏட்டிற் கண்டது. அத்தின்றலைக் கண்ணாரக் கண்டது கடந்த கோடை விடுமுறையில், வத்தல்மலையில்.

வத்தல்மலை தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கடல்மட்டத்திற்கு 3,000 அடிக்குமேல் உயர்ந்து நிற்பது. மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள் அங்கே சிற்றூர்கள் பலவற்றில் வாழ்ந்து, சாமையும் காப்பியும் மிளகும் விளைவிக்கின்றனர். இருபதிற்கு மேற்பட்ட கொண்டையூசி வளைவுகளை உடைய மலைப்பாதை வழியே பேருந்து ஏறியிறங்கத் தொடங்கியது அண்மை ஆண்டுகளிலேதான். அதற்கு முன் கால்நடையே பெருவழக்கு. இந்நிலையில், ஒரு முதியவர் வீட்டுப் பலாமரத்தடியில், உரச்சாக்குகளாற் போர்த்திய ஜீப்பு வண்டி ஒன்றைக் கண்டோம். பதிவுப் புத்தகத்தில் 1967 என்ற ஆண்டு இருந்தது. உயர்ந்த முகப்பும் தட்டையான சக்கரக் காப்புகளும் அது மகீந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் உரிமத்தின்கீழ்ச் செய்த பழைய வகையென்பதைக் காட்டின. அந்நிறுவனம் 1949ஆம் ஆண்டில் பம்பாயில், பிரித்து வந்த உறுப்புகளைப் பூட்டி ஜீப்பு செய்யத் தொடங்கியது. பிறகே படிப்படியாக இந்நாட்டிலேயே உறுப்புகளைச் செய்தது.

பாதை சரளைத் தடமாய் இருந்த காலத்தில், பிள்ளைப்பேற்று வேதனையில் இருந்த பெண்களையும் பாம்பு கடித்தோரையும் அடிவாரத்திற்குக் கொண்டு சேர்த்தது அவ்வண்டியே என்று முதியவர் கூறினார். வண்டி நின்றுபோய்ப் பதினோராண்டாயிற்று. அதை மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. வர்ணம் பூசி ஊர்த்திருவிழாவில் நிறுத்தினாற் போதும் என்பது பேரன் எண்ணம். "தம்பிகளா, நீங்கள் படித்த பிள்ளைகள். வண்டி பிழைக்குமா, பிழைக்காதா?" என்று அவர் வினவினார். தமிழ் பயிலும் எமக்கு இவ்வினா உரியதன்று எனினும், எம்முடன் வந்தோருள் ஒருவன் ரசாயன மாணவன், மற்றொருவன் தகப்பனார் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். ஆதலின் மூவரும் துணிந்து வண்டியின் அடியிற் படுத்தோம்.

துரு எவ்வாறு தோன்றுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். இரும்பு, பிராணவாயு, நீர் ஆகிய மூன்றும் கூடியதே துரு. உலர்ந்த காற்றில் இரும்பு துருவேறாது. காற்று நீங்கக் காய்ச்சி மேலே எண்ணெய் ஊற்றிய நீரிலும் துருவேறாது. பள்ளிக்கூடத்திற் கண்ணாடிக் குழாய்களில் ஆணிகளை இட்டு இதனை நாம் எல்லோரும் கண்டதுண்டு. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு ஏறத்தாழ 60 என்னும் அளவைக் கடந்த பின்னரே இரும்பு விரைந்து கெடுகின்றது என்பதை, இங்கிலாந்தில் வெர்னன் என்பார் 1920, 1930களிற் செய்த சோதனைகள் காட்டின.

ஆயினும் பழைய வண்டியைச் செப்பனிடுவோர் மறவாமற் கொள்ளவேண்டியது கேம்பிரிட்ஜ் அறிஞர் யூலிக் எவான்சு காட்டிய நீர்த்துளிச் சோதனையே என்பது எம் கருத்து. உப்பு நீர்த்துளி ஒன்றைத் துலக்கிய இரும்புத் தகட்டின்மேல் வைத்தால், துளியின் ஓரத்திற் காற்று மிகுதியாகப் புகும். நடுவில் அவ்வளவு புகாது. காற்று மிகுந்த ஓரம் கெடும் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்வதோ மறுதலை. ஓரம் பிழைக்கின்றது, காற்றுக் குறைந்த நடுவிடம் கரைகின்றது. ஒரே துளிக்குள் சிறிய மின்கலம் ஒன்று அமைந்து, நடுவிலுள்ள இரும்பு தன்னை இழந்து மின்னை ஓரத்திற்கு அனுப்புகின்றது. உப்பு அம்மின்னோட்டத்திற்கு வழி எளிதாக்குகின்றது. இதனை உணர்ந்தால், வண்டியில் துருவைத் தேடவேண்டிய இடம் எது என்பது விளங்கிவிடும். வெயிலும் காற்றும் படும் முகப்புத் தகட்டில் அன்று. விரிப்பின் அடியிலும், இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திய இடுக்கிலும், சேறு அப்பிய மூலையிலுமே அது பதுங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் துரு அஞ்சத்தக்கதன்று.

பாம்பனில் 1914இல் திறந்த பழைய ரெயில்வே பாலம் ஒரு நூற்றாண்டிற்கு மேல் உப்புக்காற்றோடு போராடி, 2022 டிசம்பரிற் போக்குவரத்து நின்று, 2025 ஏப்பிரலிற் புதிய பாலத்திற்கு இடங்கொடுத்த செய்தி யாவரும் அறிந்ததே. அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈந்ததனால் காரைக்குடியில் 1953இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிமானத்தைத் தனித்துறையாகவே ஆராய்கின்றது. கடற்காற்றில் உலோகங்களை வைத்துப் பார்ப்பதற்கென்று மண்டபத்திலும் அதற்கு ஒரு கிளை உண்டு. வத்தல்மலையிற் கடற்காற்று இல்லை. ஆனால் பனிமூட்டம் உண்டு. இரவிற் குளிர்ந்த தகட்டின்மேல் விடியற்காலையில் நீர் அரும்பி வழிகின்றது. செம்மண் சேறு அந்நீரை நாட்கணக்கிற் பிடித்துவைக்கின்றது. மழையிலே நனைந்து வெயிலிலே காயும் வண்டியைக் காட்டிலும், சாக்குப் போர்த்துப் புழுங்கவைத்த வண்டி விரைவிற் கெடும் என்பதை அன்று கண்டோம். முதியவர் அன்பினாற் போர்த்திய சாக்கே அவ்வண்டிக்குக் கேடாயிற்று. இதனை அவரிடம் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. எங்கள் ரசாயன மாணவன் சொல்லிவிட்டான்.

முகப்பிலும் பக்கங்களிலும் கண்ட துரு மேற்றுருவே. உப்புத்தாளிட்டுத் தேய்க்க, ஒரு நாழிகையில் வெள்ளிபோல் இரும்பு வெளிப்பட்டது. கதவோரத்தின் கீழே வர்ணம் அம்மைக் கொப்புளம்போல் எழும்பியிருந்தது. அவ்விடத்தைச் சிறு சுத்தியலால் தட்டினோம். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். இதுவோ மண்சுவர்போல் மந்தமாய் ஒலித்தது. திருப்புளியின் முனையால் அழுத்த, உள்ளே சென்றது. வெண்மையும் செம்மையும் கலந்த மாப்போன்றது உதிர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகட்கு முன் சமவெளியில் ஒரு பட்டறையில் வண்டியைப் 'புதிதாக்கி' வாங்கினாராம். அங்கே துருவை வெட்டி எறியாமல், அதன்மேற் பட்டி பூசி, தேய்த்து, பச்சை வர்ணம் அடித்துக் கொடுத்துவிட்டனர். பட்டி என்பது பள்ளமேடு நிரவும் பசைதானே அன்றி இரும்பன்று. அதன் பின்புறம் திறந்திருந்தால் ஈரத்தை உறிஞ்சும். அடியில் துரு முன்னிலும் விரைந்து பரவும். துருவானது தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்கிற்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்வதால், ஒட்டிய தகடுகளை நெம்பிப் பிரிக்கவும், மேலிருக்கும் வர்ணத்தைத் தூக்கி எறியவும் வல்லது. கொப்புளத்தின் காரணம் இதுவே. முழங்கை நீளம் பட்டியை யாம் பெயர்த்தெடுத்தபோது முதியவர் ஒன்றும் பேசவில்லை. கொடுத்த தொகையை மட்டும் ஒருமுறை சொன்னார்.

ஆனால் மேற்கூட்டின் துரு எவ்வளவாயினும் பணத்திற்குக் கேடேயன்றி உயிருக்குக் கேடன்று. ஜீப்பு வண்டியில் மேற்கூடு வேறு, அதைத் தாங்கும் அடிச்சட்டம் வேறு. சென்னையில் 1960களிற் செய்யப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரும் தனி அடிச்சட்டம் உடையதே. அம்பாசிடரும் பியட்டும் அவ்வாறல்ல. அவற்றில் மேற்கூடே சட்டமுமாகும். படிக்கட்டின் கீழுள்ள நீண்ட பெட்டி போன்ற பகுதி துருவேறினால் வண்டியின் முதுகெலும்பே முறிந்ததாகும். ஆகவே பழைய வண்டி வாங்க விரும்புவோர் பளபளப்பைக் கண்டு மயங்காமல், இன்ன வண்டிக்கு உயிர்நிலை இன்னது என்று முன்னரே அறிந்து அவ்விடத்தைத் தட்டிப் பார்த்தல் வேண்டும்.

இவ்வண்டியின் உயிர்நிலை இரண்டு இடத்திற் கெட்டிருந்தது. பின்சக்கரத்தின் முன்பாக, வில்பட்டையைத் தாங்கும் கொக்கி அடிச்சட்டத்தோடு சேருமிடத்தில், இடப்புறச் சட்டம் ஏடு ஏடாகப் பிரிந்து ஒரு விரல் நுழையும் அளவிற்கு ஓட்டை விழுந்திருந்தது. இரண்டாவது, பிரேக்கு எண்ணெய் செல்லும் இரும்புக் குழாய். அது சட்டத்தின் உட்புறத்தே சேற்றிற் புதைந்து, அரித்து, நகத்தாற் கீறினால் உதிரும் நிலையில் இருந்தது. இவ்வகைப் பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்கட்கும் ஒரே எண்ணெய் வழி. இக்காலத்து வண்டிபோல் ஒன்று போனால் மற்றொன்று தாங்கும் இருவழி அமைப்பு அதில் இல்லை. ஓரிடத்திற் குழாய் வெடித்தால் நான்கு சக்கரப் பிரேக்கும் ஒருங்கே போகும். கைப்பிரேக்கு ஒன்றே எஞ்சும். பத்துப்பேரை ஏற்றிக்கொண்டு கொண்டையூசி வளைவில் இறங்கும்போது இது நேர்ந்தால் என்னாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. போதாக்குறைக்குப் பிரேக்கு எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே ஈர்க்கும் இயல்பினது. பதினோராண்டு மாற்றாமற் கிடந்தால் குழாயின் உட்புறமும் துருவேறும்.

"இப்பொழுது இறங்கக் கூடாது, ஐயா. தள்ளிக்கொண்டும் இறக்கக் கூடாது" என்றோம். பேரனுக்கு முகம் வாடியது.

இனிப் பரிகாரம். மேற்கூட்டை முழுதும் கழற்றிப் பிரித்தல் முதல் வேலை. அதன் அடியில் வலுவிற்காகப் பற்றவைத்த குழிவான பட்டைகள் உண்டு. போர்க்காலத்து ஜீப்புகளில் அவற்றுள் மரக்கட்டை திணித்திருப்பர். அம்மரம் நீர் குடித்துப் பட்டையை உள்ளிருந்து கெடுக்கும். பிரிக்காமல் இவற்றைக் காண இயலாது. மணல் வீசித் துலக்குதல் விரைவான முறையாயினும், மெல்லிய தகட்டை அது வளைத்துவிடும். அன்றியும் கடல்மணல், ஆற்றுமணல் ஆகியவற்றின் தூசி நுரையீரலைக் கல்லாக்குவது. பிரிட்டனில் 1949ஆம் ஆண்டுச் சட்டவிதியால் மணலை இவ்வேலைக்குப் பயன்படுத்துவதையே விலக்கிவிட்டனர். நம் நாட்டிற் சில இடங்களில் முகத்திற் கைத்துணி ஒன்றைக் கட்டிக்கொண்டு இளைஞர் இவ்வேலை செய்வதை யாம் கண்டிருக்கின்றோம். ஒரு வண்டியின் துருவை நீக்க ஒருவன் நுரையீரலைக் கொடுப்பது தகாது.

சிறிய உறுப்புகட்கு எளிய முறை மின்முறை. பிளாஸ்டிக் தொட்டியிற் சலவைச் சோடா கரைத்த நீரில் உறுப்பை முழுக்கி, மின்கலம் ஏற்றும் கருவியின் எதிர்முனையை அதிலும், நேர்முனையை வேண்டாத பழைய இரும்புத் துண்டிலும் சேர்த்தால், ஓரிரவில் துரு தளர்ந்து கழன்றுவிடும். நல்ல இரும்பு குறையாது. நேர்முனையில் எவர்சில்வரை வைத்தலாகாது. அதிலுள்ள குரோமியம் கரைந்து நீர் நஞ்சாகும். இதிலெழும் நீர்வாயு தீப்பற்றக் கூடியதாகலின் திறந்தவெளியிற் செய்தல் வேண்டும். வில்பட்டை முதலிய கடினமான எஃகு உறுப்புகளை இதில் இடலாகாது. நீர்வாயு எஃகினுட் புகுந்து அதனை முறியும் தன்மையதாக்கும்.

துலக்கியும் குழிகளில் ஒட்டிநிற்கும் துருவிற்கு, கடைகளில் விற்கும் 'துருமாற்றி' பூசுவர். அது யாதென்று எங்கள் ரசாயன மாணவன் விளக்கியபோது எமக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. அதிற் பலவற்றின் உயிர்ப்பொருள் துவர்ப்புச் சத்து. அது துருவோடு கூடி, நீரிற் கரையாத நீலக்கருமைப் பொருளாய்ப் படிகின்றது. நம்மவர் கடுக்காய்க் கஷாயத்தில் அன்னபேதி சேர்த்து எழுதுமை காய்ச்சியதும் இதே சேர்க்கைதான்! கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் கூடிய கருமையே அந்த மை. ஏட்டில் எழுத்தை நிலைக்கச் செய்ததும் சட்டத்தில் துருவை அடக்குவதும் ஒன்றே என்பதைத் தமிழ் மாணவராகிய யாம் ஒரு ரசாயன மாணவனிடம் கேட்டறிய வேண்டியதாயிற்று. முதியவர் வீட்டிலேயே கடுக்காய் இருந்தது. நசுக்கிக் காய்ச்சி ஒரு துருவேறிய தகட்டிற் பூசிப் பார்த்தோம், கால்நாழிகையிற் கறுத்தது. இதனாற் கடைச்சரக்கு வேண்டாம் என்று நாம் கூற வரவில்லை. கடைச்சரக்கில் அப்படலத்தின்மேல் மெழுகுபோல் ஒட்டும் வேறு பொருளும் உண்டு. வெறுங் கஷாயம் மழைக்கு நில்லாது. அன்றியும் எம்மாற்றியும் ஓட்டையை அடைக்காது.

ஓட்டை விழுந்த இடத்திற்கு வெட்டுதலே வழி. துரு கண்ட எல்லையோடு நில்லாமல், பளிச்சென்ற நல்ல இரும்பு தோன்றும் வரை வெட்டி, அதே கனமுள்ள புதிய எஃகைப் பொருத்திப் பற்றவைக்க வேண்டும். அடிச்சட்டத்தைக் குறுக்கே நேராக வெட்டாமற் சாய்வாக வெட்டினால், சுமை ஒரே கோட்டில் விழாது. மேற்கூட்டுத் தகட்டையோ ஒரே மூச்சிற் பற்றவைத்தால் நெளியும். இங்கொரு புள்ளி அங்கொரு புள்ளியாக ஆறவிட்டு வைக்க வேண்டும். இவ்வண்டியின் பெட்ரோல் தொட்டி இருக்கையின் கீழ் உள்ளது. வெறுந்தொட்டியென்று எண்ணி அருகே நெருப்பு வைத்து மாண்டோர் பலர். எண்ணெயினும் அதன் ஆவியே கொடியது. தொட்டியைக் கழற்றி அப்புறப்படுத்திய பின்னரே வேலை தொடங்கல் வேண்டும். பிறகு துத்தநாகம் மிகுந்த முதற்பூச்சு. துத்தநாகம் தான் அழிந்து இரும்பைக் காக்கும். ஓர் உலோகத்தைக் கொடுத்து மற்றோர் உலோகத்தைக் காக்கும் இவ்வுபாயத்தை ஹம்ப்ரி டேவி 1824இல் கப்பல்களின் செப்புத் தகட்டிற் செய்து காட்டினார். சட்டத்தின் உட்குழிவுகளில் உருக்கிய மெழுகு கலந்த எண்ணெய் தெளித்தல் நன்று. நம் ஓட்டுநர் பலர் பழைய எஞ்சின் எண்ணெயை அடியிற் பூசுகின்றனர்; ஓரளவு காக்குமாயினும் புழுதியை ஒட்டவைத்து ரப்பர் உறுப்புகளைக் கெடுக்கும்; மலையிற் சொட்டும் ஒவ்வொரு துளியும் ஊருணியிற் சேரும்.

சட்டத்தை வெட்டுவோர் அதிற் பொறித்த எண்ணைத் தீண்டலாகாது. எண் அழிந்தால் வண்டி எவ்வளவு அழகாயினும் பதிவலுவலகத்தில் அது வண்டியன்று. ஐம்பதாண்டு கடந்து, அடிப்படை மாற்றம் செய்யப்படாத வண்டிகட்கு 2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்து மத்திய விதிகளின்படி 'வி ஏ' என்ற எழுத்துகளோடு தனிப்பதிவு பெறலாம். புதுப்பதிவிற்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அவ்வண்டியை அன்றாடப் போக்குவரத்திற்கோ கூலிக்கோ ஓட்டலாகாது. இதனைக் கேட்ட முதியவர், "கூலிக்கு யார் ஓட்டினார்கள்? அன்றும் ஓட்டவில்லையே" என்றார்.

கார்த்திகையில் மீண்டும் மலையேறினோம். சாக்குகள் இல்லை, நாற்புறமும் காற்றோடும் ஓலைக்கொட்டகையில் மேற்கூடு தனியே கிடந்தது. தருமபுரியிலிருந்து வந்த வெல்டர் இடப்புறச் சட்டத்தில் இரண்டடி வெட்டிப் புதிது வைத்திருந்தார். பிரேக்குக் குழாய் முழுதும் மாற்றி, செம்பும் நிக்கலும் கலந்த குழாய் ஓடிற்று. வர்ணம் இன்னும் இல்லை. சாம்பல்நிற முதற்பூச்சு மட்டும். பேரன்தான் முழங்கால் வரை கரியாய் நின்று வேலை செய்துகொண்டிருந்தான். முதியவர் எம்மைக் கண்டதும் ஒரு குடம் நீர் கொணர்ந்து மேற்கூட்டின் தளத்தில் ஊற்றினார். வடிதுளை ஐந்தனுள் நான்கில் நீர் ஓடியது. ஐந்தாவது துளையைப் பற்றவைப்புக் கட்டி அடைத்திருந்தது. பேரன் ஓர் ஆணியும் சுத்தியும் எடுத்துக்கொண்டு அடியிற் புகுந்தான்.